பதினேழு பேர் நடக்கும் படம்

ஜெபசெல்வி மறுபடியும் எண்ணினாள். பதினாறு. காலையில் படத்தைத் திறந்தபோது பதினேழு பேர் இருந்தார்கள். கீழே இருந்த குறிப்பிலும் பதினேழு பேர் என்றுதான் போட்டிருந்தது.

பிலிப்பைன்ஸ் மக்களின் போர் வரலாறு பற்றி மணிலாவில் ஒரு தடிப் புத்தகம் வரப்போகிறது. அதற்கான பழைய புகைப்படங்களைக் கீறல் நீக்கித் தரும் வேலை, சென்னை அலுவலகம் ஒன்றின் வழியாக, ஏரிக்கரைத் தோணிரேவில் இருக்கும் அவள் வீடு தேடி வந்திருந்தது. ஸ்பெயினோடு மோதிய தளபதிகள், அமெரிக்காவோடு மோதிய தளபதிகள் என்று ஒரு மாதமாக மீசை மீசையாகத் துடைத்தாள். பேர் பெற்ற அந்தப் பெரிய மனிதர்கள் வைத்த இடத்தில் நின்றார்கள். பேர் தெரியாத சிப்பாய்கள்தான் இப்போது உயிரை எடுத்தார்கள். 1942, பாத்தான். சரணடைந்த பிறகு, கொளுத்தும் வெயிலில், குடிக்கத் தண்ணீர் கொடுக்காமல் நாள்கணக்கில் நடத்திச் செல்லப்பட்டவர்கள். புழுதிச் சாலையில், வரிசையாக, வாய் பிளந்தபடி நடந்தார்கள்.

அவள் செய்வதைச் சென்னையிலிருந்தே தன் கணினியில் பார்க்கிற மேற்பார்வையாளர் மோகன்குமார் போன் போட்டிருந்தார். அழுக்கை அழிக்கச் சொன்னால் ஆளையா அழிப்பது என்று நக்கல் வேறு. ஆறு மணிக்குள் பதினேழு பேரும் வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி வைத்துவிட்டார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள் ஒருவரையும் தொடக்கூட இல்லை.

வாசலில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று, மூச்சு விடாமல்.

அம்மா மரியம்மா இன்னும் இரண்டு பெண்களோடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போட, பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். இறங்குமுன் எல்லோரும் வாசல் பானையில் குடிக்க வேண்டும். பிந்தி வருகிறவர்களும் அதில் குடித்துவிட்டுத்தான் போவார்கள். 'வரிசையில சேந்துக்கோ' என்று வீட்டில் இருப்பவர் சொல்லிவிட்டால் குடித்தவர் அன்றைக்கு வரிசை ஆள். எத்தனை பறி இறங்கியதோ அத்தனை பறி கரையேற வேண்டும். வேலை நேரத்தில் இது என்ன தொல்லை என்று ஜெபசெல்வி காலையில்தான் சண்டை போட்டிருந்தாள்.

"தாகத்தோட வந்தவங்கள யாரு இன்னானு கேக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அம்மா கிளம்பிப் போயிருந்தாள்.

அம்மா போன பிறகு காலையில் ஒரு தடவை சொன்னது போலவே, இப்போதும் ஜெபசெல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"குடிச்சிட்டு வரிசையில சேந்துக்கோ."

திரையில் பதினைந்து பேர். மூலப்படத்தைத் திறந்தாள். அதிலும் பதினைந்துதான். ஆள் நின்ற இடத்தில் வெறும் சாலை. மேசையை ஓங்கித் தட்டினாள். வாசலில் மறுபடியும் மடக் மடக். எரிச்சலில் கத்தியே விட்டாள்.

"குடிச்சிட்டு சேந்துக்கோன்னு எத்தினி தபா சொல்றது?"

பதினான்கு.

அப்போதுதான் மூக்கில் பட்டது. அந்த வீட்டை விட்டுப் போகவே போகாத சேற்று வாடை இல்லை. கருவாட்டு வாடை இல்லை. காய்ந்த புழுதியின் நெடி. பல நாள் குளிக்காத உடம்பின் வியர்வை நெடி.

எழுந்து வாசலுக்குப் போனாள். பானை காய்ந்து கிடந்தது. எப்போதும் ஈரக் காலடி படியும் இடத்தில் வெள்ளைப் புழுதி. பூட்ஸ் தடம். மூன்று ஜோடி. மூன்றும் ஏரிப் பக்கம் போயிருந்தன.

கரைக்கு ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் வரிசை போய்க்கொண்டிருந்தது. முன்னால் பறியோடு அம்மா. அடுத்து இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர். பறி இல்லை. குனியவில்லை. தடவவில்லை. நடந்தார்கள்.

"யம்மா, வந்துடு."

பறியைக் கவ்விய வாயால் அம்மாவால் பதில் சொல்ல முடியாது. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. தண்ணீரில் பட்ட வெயில் கண்ணைக் கூச வைத்தது. ஒரு தடவை இமைத்தாள்.

மூன்று பேர்தான் இருந்தார்கள்.

கையில் போன் அடித்தது. மோகன்குமார் குரலில் இப்போது கோபம் இல்லை.

"பதினேழு சரியா வந்துட்ச்சிமா. ஆனா கடைசி மூணு பேரு பொம்பளைங்கமா. வாயில இன்னாத்தையோ கவ்வினு நடக்குறாங்க. யாரு இவங்க?"

வரிசை கரைப் பக்கம் திரும்பியிருந்தது. மூன்று பறி. கிட்டே வந்தது. கரையேறியது. உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. புழுதி உதிர்ந்தது. அவளைக் கடந்து, தெரிந்த வழியில் போவது போல வீட்டுக்கு நடந்தார்கள். அவள் கால் தானாக அவர்கள் பின்னால் போனது.

முதல் ஆள் வாயில் அம்மாவின் பறி. வருஷக்கணக்கில் அம்மாவின் பல் பதிந்து தேய்ந்த பள்ளத்தில் அவன் பல் பொருந்தியிருந்தது. அவன் குனிந்து வாசலில் இருந்த காலிப் பானையை எடுத்தான். அதை அவளிடம் நீட்டினான்.