புல்மோட்டை பஸ்ஸில் போன கால்கள்

மனிதகுலத்தின் எதிர்காலம் சிறுவர்களின் கால்களில்தான் தங்கியிருக்கிறது.

இந்தப் பேருண்மையைத் தவராசா சேர் கடற்கரை மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். முழங்கி முடித்ததும் வியர்வையைத் துடைத்தார். பிறகு, அறுபது அடி தள்ளி நின்ற தன் வாகனத்துக்குப் போக ஓர் ஆட்டோ பிடித்தார்.

'துள்ளி எழு, திருமலை!' இயக்கத்தின் தலைவர் அவர். பிள்ளைகள் ஓடியாடி விளையாட வேண்டும் என்பது இயக்கத்தின் நோக்கம். செலவு ஒரு பிஸ்கட் கம்பனியுடையது. ஓடியாடுவதன் நன்மைகளைப் பிள்ளைகள் மூன்று மணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். கடற்கரையில் எப்போதும் மேயும் ஊர் மான்கள் மட்டும் மேடைத் தோரணத்தைத் தின்றுகொண்டு அங்குமிங்கும் திரிந்தன.

அந்தப் பேச்சில், பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த தேனுகாவின் காதில் விழுந்தது ஒரேயொரு சொல்தான்.

"எங்கள் விளம்பரம் நாற்பது பஸ்களின் முதுகில் ஒட்டப்படும்! கிண்ணியா, மூதூர், புல்மோட்டை..."

புல்மோட்டை!

ஷாமிலா அங்கேதான் இருக்கிறாள்.

ஆறு மாதங்களுக்கு முன்புவரை, பாடசாலை விட்டதும் தேனுகாவும் ஷாமிலாவும் உட்துறைமுக வீதியில் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். ஒருநாள் இவள் வெல்வாள், மறுநாள் அவள். பிறகு ஷாமிலாவின் வாப்பாவுக்குப் புல்மோட்டையில் வேலை கிடைத்தது. போகிற அன்று இருவரும் சப்பாத்து லேஸில் ஒவ்வொன்றை மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தேனுகாவின் இடது சப்பாத்தில் ஷாமிலாவின் பச்சை லேஸ், வலதில் தன் வெள்ளை.

"எங்கட வீட்டு வாசல்லதான் பஸ் திரும்புறது" என்று ஷாமிலா முதல் வாரம் தொலைபேசியில் சொன்னாள். அதன்பிறகு அதிகம் பேச முடியவில்லை. தொலைபேசி வாப்பாவின் சட்டைப்பைக்குள் ஏறி வேலைக்குப் போய்விடும். அது வீடு திரும்புவதற்குள் தேனுகா தூங்கிவிடுவாள்.

இப்போதும் அவள் ஓடுவாள். ஆனால், தனியாக ஓடினால் வெல்வதும் அவளே, தோற்பதும் அவளே. அதில் என்ன சுவை?

பஸ்ஸின் முதுகில் தன் முகம் இருந்தால் அது நேரே ஷாமிலாவின் வாசலுக்கே போய்விடுமே!

சனிக்கிழமை விளம்பரத்துக்குப் படம்பிடிக்கும் நாள். தேனுகா விடிந்ததும் கடற்கரைக்குப் போய் வரிசையில் முதலாவதாக நின்றாள். ஆனால் தவராசா சேர் ஏற்கெனவே ஒருவனைத் தெரிவு செய்துவிட்டார். தேனுகாவின் வகுப்பில் படிக்கும் கோகுலன்தான் அவன். நல்ல சிரிப்பு, கலையாத தலைசீவல். அவன் சேரின் மருமகன் என்பது தற்செயல்.

"துள்ளுங்க தம்பி" என்றார் படம்பிடிக்க வந்த றிகாஸ்.

கோகுலன் துள்ளினான். குதிக்கால் மட்டும் மணலை விட்டு எழும்பியது.

"இன்னும் கொஞ்சம்!"

"இவ்வளவுதான் ஏலும்" என்றான் கோகுலன் பரிதாபமாக.

றிகாஸ் சுற்றிப் பார்த்தார். "மகள், நீ ஒருக்காத் துள்ளு பாப்பம்."

தேனுகா துள்ளினாள். ஒருக்கா இல்லை, இருபத்துமூன்று தரம். கமராவுக்குள் ஷாமிலா ஒளிந்திருப்பதுபோல, ஒவ்வொரு தரமும் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அருமை!" என்றார் றிகாஸ். "வலது கால்தான் பின்னால மடிஞ்சு மறைஞ்சிட்டு. பரவாயில்ல, கொம்பியூட்டர்ல சரிப்பண்ணுவம்."

இரண்டு வாரம் கழித்து பஸ் நிலையத்தில், புல்மோட்டை பஸ்ஸின் முதுகில் விளம்பரம் தெரிந்தது. தேனுகா ஓடினாள்.

'துள்ளி எழு!' என்ற மஞ்சள் எழுத்துகளின் கீழே கோகுலனின் முகம். கோகுலனின் சிரிப்பு. கோகுலனின் தலைசீவல். முழங்காலுக்குக் கீழே மட்டும் கதை வேறு. பச்சை லேஸ் கட்டிய சப்பாத்து.

அவை தேனுகாவின் கால்கள்.

கண் நிறைந்துவிட்டதால் அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபத்துமூன்று சிரிப்பில் ஒன்றுகூட பஸ் ஏறவில்லை.

"தேனுகா..."

பின்னால் கோகுலன் நின்றான். நடந்து வந்ததிலேயே அவனுக்கு மூச்சிரைத்தது.

"நான் கேக்கேல்ல. மாமாதான்..."

"போடா!"

"எல்லாரும் என்னை ஓடிக்காட்டு, துள்ளிக்காட்டு எண்டு கேக்கினம். கடைக்குப் பாண் வாங்கப் போகவும் ஏலாமக் கிடக்கு."

இன்னும் நாலு திட்டு திட்ட வைத்திருந்த தேனுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு உன்ர புகழ் வேண்டாம். ஷாமிலா என்னைக் காணோணும். அவ்வளவுதான்."

"மாமாட்டச் சொல்லட்டோ?"

"சொன்னா?"

"கூட்டம் வைப்பார்."

இருவரும் யோசித்தார்கள். கூட்டம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அப்போதுதான் தேனுகா கவனித்தாள். விளம்பரத்தைச் சுற்றி, பஸ்ஸின் முதுகு முழுக்கத் தடிப்பாகத் தூசி. அவள் விரலால் சப்பாத்தை நோக்கி ஓர் அம்புக்குறி கீறினாள். பக்கத்தில் எழுதினாள்: 'ஷாமிலா, இது நான். கால் மட்டும். தேனு.'

"ஆரது என்ர பஸ்ஸில கீறுறது?" நடத்துநர் முனாப் இறங்கி வந்தார்.

"முனாப் நானா, தயவுசெய்து கழுவிப்போடாதேங்கோ!"

"இந்த பஸ்ஸ நான் எப்ப கழுவினனான்?" என்றார் முனாப் நானா, கொஞ்சம் ரோசத்தோடு.

பஸ் போயிற்று.

மறுநாள் பதில் இல்லை. எழுதியதன்மேல் புதுத் தூசி படிந்திருந்தது. தேனுகா மறுபடி எழுதினாள். மூன்றாம் நாள் பெய்த மழை, ஒருபோதும் கழுவாத பஸ்ஸையும் கழுவிவிட்டது. அவள் ஈரத் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆனாலும் விடவில்லை. பாடசாலை ஒன்றரைக்கு விடும். ஒன்று நாற்பதுக்குப் புல்மோட்டை பஸ் வெளிக்கிடும். நடந்தால் பிடிக்க ஏலாது. அதனால் தினமும் தேனுகா ஓடினாள். அவளுக்குப் பின்னால் புத்தகப்பை குலுங்கக் குலுங்கக் கோகுலனும் ஓடினான். முதல்நாள் அவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாம்நாள் அவன் வந்து சேர, பஸ் போய்விட்டது. ஐந்தாம்நாள் தேனுகாவுக்கு நாலடி பின்னால் வந்தான். தலைசீவல் மொத்தமாகக் கலைந்திருந்தது.

"நீ ஏன்டா வாறாய்?"

"உன்ர காலுக்கு நான்தானே முகம்" என்றான் கோகுலன்.

ஆறாம்நாள் முனாப் நானா பஸ் வாசலில் நின்று கைகாட்டினார்.

"பிள்ளை, ஓடி வாங்க! நேத்து ரயர் காத்துப் போய், புல்மோட்டையில அரை மணித்தியாலம் நிண்டது. ஒரு பிள்ளை கதிரை வச்சு ஏறி என்னவோ எழுதினது. நான் ஒண்டும் சொல்லேல்ல."

தூசியில் ஷாமிலாவின் சாய்ந்த கையெழுத்து இருந்தது.

'தேனு! லேஸை முதல்நாளே கண்டுட்டன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குப் பின்னால பள்ளிச்சந்தி வரைக்கும் ஓடுறன். நீதான் வெல்லுறாய்.'

தேனுகா அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு விரலை நீட்டி, கீழே எழுதினாள்: 'நாளைக்கு நீ வெல்லு.'

கோகுலன் முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய முகத்துக்கு நேரே, சப்பாத்துக்குப் பக்கத்தில், அதே சாய்ந்த கையெழுத்தில் இன்னொரு வரி சின்னதாக இருந்தது.

"தேனுகா, இங்க பார்."

'ஆனா ரெண்டும் இடது கால்.'

இருவரும் உற்றுப் பார்த்தார்கள். இரண்டு சப்பாத்திலும் பச்சை லேஸ். றிகாஸின் கொம்பியூட்டர் சரிப்பண்ணியது அப்படி.

நாற்பது பஸ்ஸிலும் இரண்டும் இடது கால்தான்.