இடப்பக்கத்து ஆணி

மதியம் இரண்டரை மணிக்கு அந்த விமானப்படைத் தளத்தில் ஒரு கண்ணாடியைக் காணவில்லை என்று தெரிந்தது. உடனே ஹாங்கரின், அதாவது விமானக் கொட்டகையின், ராட்சதக் கதவுகளைச் சாத்தினார்கள். உள்ளே இருந்தவர்களின் சட்டைப் பை முதல் சாப்பாட்டுப் பை வரை எல்லாவற்றையும் உதறினார்கள். மூன்று மணிக்குள், தொலைத்தது யார் என்றும் முடிவு கட்டிவிட்டார்கள். வேறு யார்? நேற்றுச் சாயங்காலம்தான் மனைவி, மகள், மூட்டை முடிச்சுகளோடு மாற்றலாகி வந்து இறங்கிய புது டெக்னீஷியன்.

கண்ணாடி என்றால் முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல. நீளக் காம்பின் நுனியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் வயிற்றில் தலை நுழையாத இடங்களை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். அது விமானத்துக்குள்ளேயே கிடந்து, நடுவானில் உருண்டு, ஏதாவது ஓர் இடுக்கில் சிக்கிக்கொண்டால் தீர்ந்தது கதை. ஆகவே காணாமல் போன கருவி கிடைக்கும்வரை விமானம் ஓர் அடி நகரக்கூடாது. அதுதான் அங்கே சட்டம்.

அன்றைக்கோ நகர்ந்தே ஆக வேண்டும். வெள்ளத்தில் துண்டாகிப் போன ஓர் ஊருக்கு மருந்துகளை ஏற்றிக்கொண்டு அந்த விமானம் தயாராக நின்றது. அங்கே ஓடுதளத்து விளக்குகள் தண்ணீரில் போய்விட்டன. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினால்தான் உண்டு. நாலரைக்குள் கிளம்பாவிட்டால் மறுநாள்தான். மருந்துக்காகக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு மறுநாள் இருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புது டெக்னீஷியனின் மனைவியை எந்தத் தளத்துக்குப் போனாலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொல்லிக்கொடுப்பது கார் ஓட்ட. மாற்றலாகிப் போகிற ஒவ்வோர் ஊரிலும் முதலில் தெருக்களைப் பழகிக்கொள்வார், பிறகு மாணவர்களைப் பிடிப்பார், அவர்கள் தேறும் நேரத்தில் அடுத்த மாற்றல் வந்துவிடும். சலித்துக்கொண்டதே கிடையாது. எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

அன்று மதியம் அவர் பெட்டிகளுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவசரமாகச் சாப்பிட்டுப் போக வந்த கணவர் விளக்கைப் போடப் போய்க் கதவுக்குப் பின்னால் வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பழைய வீட்டில் சுவிட்ச் அங்கேதான் இருந்தது. பன்னிரண்டு வயது மகள் குளியலறை என்று நினைத்துத் துணி அலமாரியைத் திறந்து, துண்டும் கையுமாக உள்ளே ஒரு காலை வைத்தேவிட்டாள்.

"ஆளு வந்து சேந்துட்டோம். கைதான் இன்னும் வந்து சேரலை" என்றார் டீச்சர். "புது வண்டியில உக்கார வெச்சா எல்லாரும் இப்படித்தான். இண்டிகேட்டர் போடுன்னா வைப்பரைப் போடுவாங்க. மழையே இருக்காது, கண்ணாடியைத் தொடச்சிட்டு இருப்பாங்க."

கணவர் கிளம்பிய பிறகு தளத்தின் சலவை வண்டிக்காரர் வந்தார். புது வீட்டுக்குத் திரைச்சீலைகளும் போர்வைகளும் கொண்டுவந்திருந்தார். வாய் ஓயாத மனிதர்.

"ஹாங்கர்ல அழுக்குத் துணியெல்லாம் எடுத்துட்டு நேரா இங்கதான் வர்றேன்மா. உங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவர் வந்த ராசி, என் அழுக்குத் துணிப் பைக்கும் ஒரு ஆணி கெடச்சது! இத்தனை நாள் அனாதையா தரையில கெடக்கும், ஆளாளுக்கு எத்திட்டுப் போவாங்க. இன்னைக்குக் காலையில தூண்ல ஒரு ஆணி சும்மா இருந்துச்சு. மாட்டிட்டேன்."

"நல்லதாப் போச்சு அண்ணே. இன்னும் எத்தனை தெரு பாக்கி?"

"நெறைய இருக்கும்மா. கடைசியா நர்ஸுங்க விடுதி. அப்புறம்தான் சலவைக்கூடம்."

அவர் போனார். டீச்சர் திரைச்சீலையை மாட்டி முடிப்பதற்குள் வாசலில் ஜீப் நின்றது.

மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் தளக் காவல் சார்ஜெண்ட். சலாம் வைத்துவிட்டுச் சங்கடமாக நின்றார். பின்னால் முகம் செத்துப்போயிருந்த கணவர். மூன்றாமவர் நரைத்த மீசையும் மடிப்புக் கலையாத சீருடையுமாக ஒரு மூத்த டெக்னீஷியன். ஹாங்கரில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். எடுத்த கருவியை எடுத்த இடத்தில் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. புதிதாகச் சேருகிறவர்களை அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி நிறுத்துவார்களாம்.

"மன்னிக்கணும் மேடம்" என்றார் சார்ஜெண்ட். "சார் மதியம் வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கார். பெட்டியெல்லாம் பாக்கணும்."

விஷயத்தைச் சொன்னார்கள். மகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். படையில் முதல் நாள் ஒட்டிக்கொள்கிற பெயர் லேசில் போகாது. 'கருவி தொலைத்தவர்' என்று ஒரு தடவை விழுந்துவிட்டால், விமானத்தைத் தொடவிடாமல் கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள். அடுத்த தளத்துக்கு மூட்டை போய்ச் சேரும்முன் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும். இதற்காகவா இத்தனை ஊர் சுற்றினோம் என்று டீச்சருக்கு ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. மறுகணம் துடைத்துக்கொண்டார்.

"தாராளமா பாருங்க சார். அதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேக்கலாமா?"

சார்ஜெண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. "சீக்கிரம் கேளுங்க."

"கண்ணாடி யாரோடது?"

"என்னோடது" என்றார் கடிகாரம். "தம்பிக்கு இன்னும் கருவி மாட்டற பலகை வரலை. நாளைக்குத்தான் வரும். அதனால என்கிட்ட கண்ணாடி கேட்டார், குடுத்தேன்."

"திருப்பிக் குடுத்தாரா?"

"கையிலயே குடுத்தேன்!" கணவர் முன்னால் வந்தார். "சார் மேசையில உக்காந்திருந்தார். குடுத்தேன், வாங்கினார். அப்பத்தான் ஃபோன் அடிச்சது. விமானம் முன்னாடியே கிளம்பணும்னு கன்ட்ரோல் ரூம்லேர்ந்து."

டீச்சர் அந்த மூத்தவர் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் ஒரு வார்த்தையையும் அவசரமாகச் சொல்லவில்லை.

"ஃபோன் வந்தது ஞாபகம் இருக்கு. கண்ணாடி வாங்கினது ஞாபகம் இல்லம்மா. தம்பி மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல. அவர் வர்றார்னு நேத்து நானே என் பலகையைக் கழட்டி மேசைக்கு அந்தப் பக்கத் தூண்ல மாட்டி, அவர் பலகைக்கு இடம் விட்டேன். ஆனா உள்ளதைச் சொல்லணும்ல? என் கைக்கு வந்திருந்தா அது அதோட உறைக்குப் போயிருக்கும். பலகையோட அடியில கித்தான் துணியில ஒரு உறை தெச்சு வெச்சிருக்கேன், கண்ணாடி கீறாம இருக்க. இத்தனை வருஷத்துல என் கை தப்பினதே இல்ல. உறை காலி. அப்ப என் கைக்கு வரலைன்னுதானே அர்த்தம்?"

சார்ஜெண்ட் பெட்டிகளின் பக்கம் நகர்ந்தார். அப்படிப்பட்டவர் சொன்னதைச் சந்தேகப்பட முடியுமா?

"கீழ விழுந்திருந்தா?" என்றார் டீச்சர்.

"சிமென்ட் தரை மேடம். விழுந்தா ஹாங்கரே திரும்பிப் பாக்கும். சத்தமே வரலை" என்றார் சார்ஜெண்ட். "விமானத்துல ஒவ்வொரு மூடியையும் திறந்து பாத்தாச்சு. மேசை, டிராயர், தூண்ல தொங்கின அழுக்குத் துணிப் பை வரைக்கும் உதறிட்டோம். பை காலி. பாக்கி இருக்கறது இந்த வீடு மட்டும்தான்."

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல மகளோடு அடுப்படிக்குப் போய், அவள் காதில் ஏதோ சொல்லி, கடிகாரத்துக்கு ஒரு கோப்பைத் தேநீரோடு வந்தார்.

"சார், ஒரே ஒரு உதவி. நீங்க மேசையில எப்படி உக்காந்திருந்தீங்கன்னு காட்டுங்களேன். இந்த டிரங்குப் பெட்டிதான் மேசை. ரெண்டு பக்கமும் அடுக்கியிருக்கற அட்டைப்பெட்டிங்கதான் தூண்."

கடிகாரம் உட்கார்ந்தார். தேநீரை முன்னால் வைத்து, கரண்டியை அவர் கையில் கொடுத்தார் டீச்சர். "சர்க்கரை போட்டிருக்கேன், கலக்கிக்கோங்க. ஆமா, வெள்ளம் வந்த ஊர்ல ஆஸ்பத்திரியாவது தப்பிச்சுதா?"

"மேல் மாடி மட்டும்தான். கீழ எல்லாமே..." அவர் இடக்கையால் கலக்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பெட்டியின் மேலிருந்த டீச்சரின் கைபேசி அடித்தது.

"ஐயோ, என் கை ஈரம். சார், கொஞ்சம் எடுங்களேன்!"

கடிகாரம் வலக்கையால் கைபேசியை எடுத்தார். கரண்டி இருந்த இடக்கை தானாக நீண்டது. பார்க்காமலே, தயங்காமலே, இடப்பக்கத்து அட்டைப்பெட்டிகளின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குப் போய் விரல்களை விட்டது. கரண்டி தரையில் விழுந்து கணீரென்றது.

"ஹலோ" என்றாள் மகள், கைபேசியிலும் அடுப்படியிலும் ஒரே நேரத்தில்.

டீச்சர் குனிந்து கரண்டியை எடுத்தார். "சார், உங்க பலகை இப்போ எந்தப் பக்கத் தூண்ல இருக்கு?"

கடிகாரம் தன் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கம்" என்றார் மெதுவாக.

"ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்றீங்க" என்றார் டீச்சர். "இவர் குடுத்தார். நீங்க வாங்கினீங்க. ஃபோன் அடிச்சது. உங்க கை எப்பவும் போற இடத்துக்குச் சரியாத்தான் போச்சு, பலகைதான் அங்க இல்ல. ஊரு விட்டு ஊரு வந்தது இவர்தான்னு எல்லாரும் இவர் கையையே சந்தேகப்பட்டீங்க. நேத்து இடம் மாறினது ரெண்டு பேர் சார். நீங்களும் ஒரு தூண் தள்ளிக் குடிபோயிட்டீங்க."

"அப்படின்னா கீழ விழுந்து சத்தம் கேட்டிருக்கணுமே மேடம்?" சார்ஜெண்ட் விடவில்லை.

டீச்சர் கடிகாரத்தின் பக்கமே திரும்பினார். "நீங்க பலகையைக் கழட்டின தூண்ல ஆணி சும்மா இருந்திருக்கு. காலையில சலவைக்காரர் அதுல அவர் பையை மாட்டியிருக்கார், அவரே சொன்னார். அந்தப் பை எதுல தெச்சது சார்?"

"கித்தான்..." என்ற கடிகாரம் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"விரலுக்குக் கித்தான் தட்டுப்பட்டிருக்கும். உறைதான்னு கை விட்டிருக்கும். உள்ள வேலை உடுப்பு, அழுக்கு ஓவரால், மெத்து மெத்துன்னு. எப்படிச் சத்தம் வரும்?"

"அந்தப் பையைத்தான் உதறினோமே! காலியா இருந்ததே!" என்றார் சார்ஜெண்ட்.

"அங்கதான் சார் கோட்டை விட்டீங்க. காலையிலேர்ந்து அத்தனை பேர் எண்ணெயிலயும் கிரீஸ்லயும் வேலை பாத்திருக்காங்க. மதியம் ரெண்டரைக்கு அழுக்குப் பையில ஒரு அழுக்குத் துணி கூடவா இருக்காது? நீங்க உதறினது வேற பை. பழசை அவர் எடுத்துட்டுப் புதுசு மாட்டிட்டுப் போயிட்டார். அந்த வண்டி என் வாசல்ல நின்னுட்டுத்தான் போச்சு."

சார்ஜெண்ட் வயர்லெஸ்ஸை எடுத்து, உடனே கீழே இறக்கினார். சலவை வண்டியில் வயர்லெஸ் இல்லை, சலவைக்காரரிடம் கைபேசியும் கிடையாது. சலவைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் துணி நேராக இயந்திரத்துக்குள் போகும், கண்ணாடி சுக்குநூறாகும். ஒரு சில்லு குறைந்தாலும் விமானம் நகராது.

டீச்சர் கார்ச் சாவியை எடுத்தாகிவிட்டது. "நேத்து ராத்திரியே இந்தக் குடியிருப்பு முழுக்க ஒரு சுத்து சுத்திட்டேன். ஏறுங்க."

அந்தப் பயணத்தைப் பற்றிச் சார்ஜெண்ட் பிற்பாடு பலரிடம் சொன்னார். வேகம் எல்லையைத் தாண்டவேயில்லையாம், திருப்பத்துக்குத் திருப்பம் இண்டிகேட்டர் போட்டாராம், இருந்தும் தன் கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வலியெடுத்துவிட்டதாம். குறுக்குச் சந்து ஒன்றில் நுழைந்து, நர்ஸுகள் விடுதியின் பின்வாசலில் வண்டி நின்றபோது, சலவைக்காரர் கடைசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, போர்வை பத்தலையா?"

எண்ணெய் வாடை அடித்த பையைத் தெருவிலேயே கவிழ்த்தார்கள். ஓர் ஓவராலின் கால் பகுதிக்குள் காம்பு தட்டுப்பட்டது. சார்ஜெண்ட் நுனி விரலால் இழுத்தார். ஒரு கீறல் கூட இல்லாமல் வெயிலில் மின்னியது கண்ணாடி.

விமானப்படைக்காரர்கள் அல்லாதவர்களை ஹாங்கருக்குள் விடமாட்டார்கள். கண்ணாடியோடு சார்ஜெண்ட் உள்ளே ஓட, டீச்சரும் மகளும் வெளிக்கதவருகே காரிலேயே இருந்தார்கள். கடிகாரமும் கணவரும் ஜீப்பில் முன்னமே உள்ளே போயிருந்தார்கள். கதவுக் காவலரின் வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது. கருவி கிடைத்துவிட்டது என்று முதலில் ஒரு குரல் சொன்னது. எங்கே என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் புது ஆள் வீட்டிலேயா என்று இன்னொன்று இடையில் புகுந்தது.

மகள் அம்மாவின் கையை இறுக்கினாள். டீச்சருக்கும் உள்ளுக்குள் பயம்தான். உண்மை நான்கு சுவருக்குள் தெரிந்துவிட்டது. ஹாங்கர் முழுக்கத் தலைநிமிர்ந்து நடந்த ஒரு மனிதர், அத்தனை பேர் காதிலும் விழும்படி அதைச் சொல்ல வேண்டுமே. சொல்லாமல் மழுப்பினால் யார் அவரைக் கேட்கப் போகிறார்கள்?

"கவனிங்க" என்று நிதானமாக வந்தது கடிகாரத்தின் குரல். "கண்ணாடியை அந்தத் தம்பி ஒழுங்கா என் கையில குடுத்தார். வாங்கிப் பழைய இடத்துல போட்டது நான். எழுதிக்கோங்க. இன்னைக்கு இந்த ஹாங்கருக்குப் புதுசா வந்தது ஒரே ஆள்தான். அது நான்."

வயர்லெஸ்ஸில் யாரோ கை தட்டுவது கேட்டது. அது பலரின் கைதட்டலாகி, காவலரின் சின்னப் பெட்டியில் அடங்காமல் இரைந்தது.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு ஹாங்கரின் கதவுகள் திறந்தன. மருந்து விமானம் மெல்ல வெளியே உருண்டு வந்தது. அதன் சக்கரத்துக்கு வலப்பக்கம் கடிகாரமும் இடப்பக்கம் கணவரும் நடந்து வந்தார்கள். டீச்சர் காரைவிட்டு இறங்கி, முதலில் அந்த மூத்தவருக்குத்தான் கும்பிட்டார்.