காலை பத்தரைக்கு முதலிரவு

எங்கள் முதலிரவு காலை பத்தரைக்கு. திருச்சித் திருமணப் பதிவகத்தில் எங்கள் டோக்கன் பதினேழு. முன்னால் பதினாறு ஜோடிகள் பட்டும் மல்லிகையுமாக வியர்த்துக்கொண்டிருந்தன. முப்பத்தொரு வயதில், காற்றாலை பழுது பார்க்கிற கையில் பால் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான்.

முதலிரவு சினிமாவில் வருவதுபோல் இல்லையென்று விவாகரத்து கேட்டவர்கள் பெருகியதால் வந்த சட்டம் இது. நூறு வருடப் படங்களை விழுங்கிய ஒப்பீட்டுப்பொறி ஒன்று ஒத்திகை அறையில் எங்களைக் கவனிக்கும். விளக்கு அணைகிற வரை நடித்தால் போதும். அறுபது மதிப்பெண் வந்தால் கல்யாணம் பதிவாகும். வாய்ப்பு மூன்று. அதுவரை கதவு திறக்காது.

முதல் முறை, கையைத் தொடுவதற்கு முன் மாப்பிள்ளை கதிரேசன், "உங்களுக்குச் சம்மதமாங்க?" என்று கேட்டார். அப்படியொரு வசனம் பொறியிடம் இல்லை, முப்பத்தெட்டு. இந்த மனிதரோடு வாழலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. இரண்டாம் முறை, எனக்குப் பயமாக இருக்கிறதென்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். தனக்கும்தான் என்றார் அவர். மணப்பெண் நிமிர்ந்து பார்க்கக்கூடாது, மாப்பிள்ளை பயப்படக்கூடாது, நாற்பத்தொன்று.

மூன்றாம் முறை அவர் எதுவும் கேட்கவில்லை. கதாநாயகன் மாதிரி புன்னகைத்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். எனக்குச் சான்றிதழும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது.

"விடுங்க. வேண்டாம். நான் வெளிய போகணும்."

கையை உதறிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் எண்கள் ஏறின. மறுப்பு, இருபது. முகம் திருப்புதல், இருபத்தைந்து. குரல் நடுக்கம், முப்பது. வேண்டாம் என்று மறுபடியும் கத்தினேன். அதற்குத் தனியாகப் பத்து, மொத்தம் எண்பத்தைந்து. விளக்கு அணைந்தது. கதவு திறந்தது.

எழுத்தர் சகாயமேரி சான்றிதழை நீட்டி, இந்த மாதத்திலேயே இதுதான் அதிகம் என்று பாராட்டினார். கதிரேசனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. படியிறங்கும்போது, "அசத்திட்டீங்க. நான் நெசம்னே நெனச்சுட்டேன்," என்றார்.

"நெசந்தாங்க. நான் நடிக்கலை."

அவர் நின்று என்னைப் பார்த்தார். சம்மதமா என்று கேட்ட அதே மனிதர்தான். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"வீட்லயும் இதே மாதிரிதான் சொல்லணும்."