பார்த்தவர்கள்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அடுத்த நோயாளியின் பெயரை அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, பையிலிருந்த கைப்பேசி மெல்ல அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ‘புதிய படம்’ என்றது திரை.

அது வரக் கூடாத படம். முந்தைய நாள் மாலைதான் தம்பி வந்து வீட்டுக் கணினியை அடி முதல் நுனி வரை துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தான்.

உள்ளறையில் டாக்டரம்மா யாருடைய கடைவாய்ப் பல்லையோ குடைந்துகொண்டிருந்தார். கிராம்பு எண்ணெயும் ரப்பர் கையுறையும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தது. கூர்மையாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த குடைகருவியின் சத்தம் தன் பல்லுக்குள்ளேயே கேட்பதுபோல அவளுக்குக் கூசியது. காத்திருந்த கிழவர் பத்திரிகையில் மூழ்கியிருந்தார். மேசைக்கு அடியில் கைப்பேசியை மறைத்துப் பிடித்துப் படத்தைத் திறந்தாள்.

மகளின் அறை. ஜன்னல் வழியாகக் காலை வெளிச்சம். மகள் முதுகைக் காட்டி நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே வழக்கமான சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. இத்தனை நாளும் ‘பார்த்தவர்: நீங்கள்’ என்றிருந்த வரி அது. இன்றைக்கு ‘பார்த்தவர்கள்: நீங்களும் மற்றவர்களும்’ என்றிருந்தது.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். காது மடல் வரை சூடேறியது.

அந்த வேவு புரோகிராமை வீட்டுக் கணினியில் போட்டவளே அவள்தான்.

வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். கணவருக்குக் கப்பலில் வேலை. கரை தொட்டால்தான் குரல் கேட்கும். ‘சிட்டு’ என்று அவள் கூப்பிடும் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து கதவைச் சாத்திக்கொள்ளப் பழகியிருந்தாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். கதவைத் தட்டினால் நின்றுவிடும். அப்படி நின்றுபோன சிரிப்பு ஒவ்வொன்றும் அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒருநாள் மகள் வெளியே போயிருந்தபோது எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யலாமென்று மகளின் அறையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்தாள். திரை நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து நின்றது. ‘உங்கள் பிள்ளை தனியாக இருக்கும்போது என்ன செய்கிறாள், தெரியுமா?’

எத்தனையோ விளம்பரங்களை மூடியவள்தான். இதை மூடக் கை வரவில்லை. ‘சரி’ என்று அமுக்கினாள். கைப்பேசி எண்ணைக் கேட்டது, கொடுத்தாள். மேலும் சில கேள்விகள் வந்தன. எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றாள்.

அன்றிலிருந்து மகள் கணினியில் எழுதுவதெல்லாம், திரை மேலிருந்த கேமராவுக்குத் தெரிவதெல்லாம் அவள் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தன. பயந்த மாதிரி ஒன்றுமே இல்லை. முகப்பருவைக் கிள்ளும் மகள். பாடத்தைத் திட்டும் மகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒருநாள் மகள் தன் தோழிக்கு எழுதிய வரியும் வந்தது. ‘எங்க அம்மா கேள்வி கேப்பாங்க, கத்துவாங்க. ஆனா முதுகுக்குப் பின்னால வேவு பார்க்குற ஆள் கிடையாது.’

அதைப் படித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

இதற்கிடையில் கணினி படுத்துவிட்டது. எதைத் திறந்தாலும் விளம்பரப் பெட்டிகள் ஈசல் மாதிரி கிளம்பின. மகள் தன் மாமனைக் கூப்பிட்டாள். அம்மாவின் தம்பியான அவனுக்குக் கணினி பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு.

“நான் கண்டதை அமுக்கல மாமா, சத்தியமா” என்றாள் மகள்.

தம்பி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியைத் திருப்பினான். “இது வெறும் விளம்பரக் குப்பை இல்லக்கா. வேவு பார்க்குற புரோகிராம். இவ எழுதுறது, கேமராவுல தெரியறது, எல்லாத்தையும் யாருக்கோ அனுப்பிட்டிருக்கு. அது திறந்து விட்ட கதவு வழியாத்தான் இந்த விளம்பரமெல்லாம் ஊர்வலமா வந்திருக்கு.”

மகள் இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டாள். “யாரு மாமா?”

“தெரியலடா. ஆனா தானா வராது. இந்த நாற்காலியில உட்கார்ந்து யாரோ ‘சரி’ன்னு அமுக்கியிருக்கணும்.”

அம்மா சமையலறைக்குள் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி மகளின் குரல் கேட்டது. “அவதான் மாமா. பாடம் எழுதணும்னு வந்து என் கணினியில உட்கார்ந்தா. வெளியாள் வேற யாரையும் நான் இதுல விட்டதில்லை.” அப்போதே அந்தத் தோழியைக் கூப்பிட்டு அழுதபடி கத்தினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த சிநேகம் அந்த ஒரே அழைப்பில் அறுந்துபோயிற்று. அம்மா குழாயை மூடவே இல்லை.

தம்பி புரோகிராமைப் பிடுங்கி எறிந்து, கடவுச்சொற்களை மாற்றி, காவலுக்கு நல்ல புரோகிராம் ஒன்றைப் போட்டு, கேமராமீது கறுப்பு டேப்பை ஒட்டினான். வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“வேவு பார்த்துத் தர்றேன்னு இலவசமா வர்றவன், அவனை உள்ளே விட்ட ஆளைத்தான்க்கா முதல்ல மேய்வான். உன் போனையும் குடேன், ஒரு தடவை பார்த்துடறேன்.”

“என் போன்ல என்ன இருக்கப் போவுது? நீ கிளம்பு, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றாள்.

அதற்கு மறுநாள்தான் தலை துவட்டும் படம் வந்தது.

பிறகு தினமும் வந்தன. கூடத்தில் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் படம். கதவு நிலையருகிலிருந்து எடுத்த, மகள் தூங்கும் படம். கூடத்தில் கணினியே கிடையாது. வீட்டுக்குள் வேறு கேமரா இருக்கிறதென்று நினைத்து, முக்காலி போட்டு ஏறி அலமாரி உச்சியையும் விளக்குக் கூண்டையும் கடிகாரத்தின் முதுகையும் தடவிப் பார்த்தாள். விரலில் தூசிதான் ஒட்டியது.

“என்னம்மா தேடறே?”

“ஒட்டடை” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

தம்பியைக் கூப்பிட ஒரு நிமிஷம் ஆகாது. எண்ணை எடுப்பாள், பேச்சை எங்கே தொடங்குவதென்று யோசிப்பாள், அந்த முதல் வாக்கியம் நாக்குக்கு வரும்போதே முகம் சுண்டிவிடும். கைப்பேசியை வைத்துவிடுவாள். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மகளை யாரோ பார்க்க விட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அப்புறம் அந்தப் படம் வந்தது.

மருத்துவமனையில் மதிய இடைவேளை. சாப்பாட்டு மேசையில் குனிந்து தோசையைப் பிய்க்கும் மகள், காலையில் எடுத்தது. ஆனால் படத்தின் கீழ் ஓரத்தில் வேறொன்றும் இருந்தது. ஒரு தம்ளர். அதைப் பிடித்திருக்கும் கட்டைவிரல். விரலில் மருந்துப் பட்டை.

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். காலையில் வாணலியில் சுட்டுக்கொண்ட கட்டைவிரல். அதே பட்டை. ஓரம் பிரிந்து நின்றதும் அதே மாதிரி.

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மகள் தலை துவட்டும்போது துண்டு கொடுக்கப் போய் நின்ற இடம். சோபாவில் தான் எப்போதும் உட்காரும் மூலை. ராத்திரி மகள் தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்த கதவு நிலை. எல்லாமே அவள் நின்ற இடங்கள். அவள் கண் இருந்த உயரம்.

கழிப்பறைக்குள் ஓடித் தாழிட்டாள். முகத்தில் தண்ணீரை அறைந்தாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது.

படத்தில் அவள் முகம். சொட்டும் நீர். வெளிறிய உதடு. கண்ணாடியில் தெரிந்தது தெரிந்தபடியே.

கீழே அந்த வரி. ‘பார்த்தவர்கள்: மற்றவர்கள்.’

கைப்பேசியை உடைத்துப் போடக் கை ஓங்கியவள் அப்படியே நின்றாள். உடைத்தால் அவள் பார்ப்பதுதான் நிற்கும். மற்றவர்கள் பார்ப்பது நிற்குமா?

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கித் தரையை மட்டும் பார்த்து நடந்தாள். தெருவில் ஏதோ ஒரு மாடி ஜன்னலிலிருந்து சின்னக் குழந்தை “ஆன்ட்டி” என்று கூப்பிட்டது. நிமிர்ந்து பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள்.

மகள்தான் கதவைத் திறந்தாள். அவளுக்கு மகளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

“என்னம்மா, சீக்கிரம் வந்துட்டே? உடம்பு சரியில்லையா? நிமிர்ந்து என்னைப் பாரேன்.”

“பார்க்க மாட்டேன், சிட்டு. முதல்ல நான் சொல்றதைக் கேளு.”

மகளின் கட்டிலில் உட்கார்ந்து, தரையின் ஒரு கீறலில் கண்ணைப் பதித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். ‘சரி’ என்று அமுக்கியது, தினமும் பார்த்தது, குழாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றது.

“அப்போ அவ இல்லையா?” மகளின் குரல் தேய்ந்திருந்தது. “நான் அவளை என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? நீ கேட்டுட்டுத்தானே இருந்தே?”

“ஆமா.”

மகள் கைப்பேசியைப் பிடுங்கிப் படங்களைப் பார்த்தாள். மூச்சு வேகமாகியது. சிறிது நேரத்தில் மூச்சுச் சத்தமே இல்லை. தம்ளர் பிடித்த விரல்வரை வந்துவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது.

“அம்மா, கண்ணை மூடு. என்னைப் பார்க்காதே. எதையும் பார்க்காதே.”

மூடினாள். கைப்பேசி அதிர்ந்தது.

“கறுப்பா வருது. ஒண்ணுமே தெரியல.” மகள் பெருமூச்சு விட்டாள். மாமனைக் கூப்பிட்டுப் பேசினாள். “வந்துட்டே இருக்காராம். அதுவரைக்கும் திறக்காதே.”

கட்டில் அசைந்தது. மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் அம்மாவின் கைகளுக்குள் வைத்தாள். அவளுக்குக் கண்ணீர் முட்டியது. இமையைத் திறக்காமலே அழுதாள்.

கைப்பேசி அதிர்ந்தது. மறுபடியும். மறுபடியும். விடாமல். யாரோ பொறுமையிழந்து கதவைத் தட்டுகிற மாதிரி.

“எல்லாம் கறுப்பும்மா. நீ திறக்காதே.”

சட்டென்று நின்றது.

அமைதி. குழாய் எங்கோ சொட்டியது. இருவரின் மூச்சு.

மூடிய கண்ணுக்கு முன்னால் இருட்டு இன்னும் கொஞ்சம் கனத்தது. எதுவோ குனிந்த மாதிரி.

“அம்மா” என்றாள் மகள், உதட்டை அசைக்கவே பயந்தவளாக.

மகளின் பிடி இறுகியது. இரண்டு கைகளும் அவள் கைகளுக்குள்தான் இருந்தன. பத்து விரல்களும்.

வலது இமையின்மேல் குளிர்ந்த விரல் ஒன்று வந்து அமர்ந்தது. மெதுவாக, வலிக்காதபடி, அதைத் தூக்கத் தொடங்கியது.