தண்ணீருக்கு மிளகாய்த்தூள்

வெள்ளிக்கிழமைகளில் சிவனேஸ்வரி விரதம். சமைப்பாள், ருசி பார்க்கமாட்டாள். எழுபத்தாறாம் ஆண்டு பெப்ரவரியின் அந்த வெள்ளிக்கிழமையும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக் கொடுத்தாள். வெளிச் சாப்பாடு உறைக்காது என்று பிலிம் டப்பியில் மிளகாய்த்தூள் நிரப்பிக் கணவர் தேவராஜாவின் சட்டைப்பையில் வைத்தாள்.

“உப்பு எப்பிடியெண்டு பின்னேரம் சொல்லுங்கோ.”

“வழமைபோலச் சொல்லுறன்.”

சொல்லவில்லை. இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தவருக்கு வாந்தி எடுக்கத் தவிர வாய் திறக்க முடியவில்லை. ஞாயிறு மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்தார். பழுதான சாப்பாடு என்றார் டாக்டர்.

எட்டாம் நாள் படையலன்று, கடல் கடந்து வந்து குடியேறிய பென்டில் ஹில் வீட்டின் குசினி வாசலை மறித்து நின்றார் தேவராஜாவின் அண்ணன் கணேசலிங்கம். துறைமுகப் பக்கம் ‘வேண்டியமட்டும் சிப்பி’ என்று பலகை தொங்கும் உணவகத்தில் சிப்பி உடைத்து, தட்டுக்குத் தட்டு தேசிக்காய் எனும் எலுமிச்சைத் துண்டு வைத்து அனுப்புவது அவர் வேலை. அந்த வெள்ளி பின்னேரம் தம்பி அங்கே போயிருந்தார்.

“இவள் சமைக்கக் கூடாது. கொலை செய்த கையாலை அவனுக்குச் சோறு வேண்டாம்.”

சிவனேஸ்வரி அடுத்த தெரு வரதராஜாவுக்கு ஆள் அனுப்பினாள். கொழும்பில் மரண விசாரணை மன்றத்தில் இருபது வருடம் லிகிதராக எழுத்து வேலை பார்த்தவர். மனைவி விஜயா கொப்பியும் பேனையுமாகக் கூடவே வந்தார்.

“கடையிலை தம்பி என்ன சாப்பிட்டவர்?” என்று வரதராஜா கேட்டார்.

“வெள்ளிக்கிழமையில அவன் மீன் மச்சம் தொடுவானோ? தண்ணி மட்டும்தான் குடிச்சவன். எழுதுங்கோ அக்கா, நல்லா எழுதுங்கோ.”

“எழுதிட்டன்!” என்றார் விஜயா.

ஆஸ்பத்திரி திருப்பித் தந்த அவருடைய உடுப்புப் பையிலிருந்து பிலிம் டப்பியை எடுத்து வரதராஜா கவிழ்த்தார். தூள் விழவில்லை. பாதி தீர்ந்திருந்தது. மீதி ஈரம் பட்டுக் கட்டியாகி இருந்தது. கட்டியில் ஒரு தேசிக்காய் விதை.

“பிள்ளை, குழம்புக்குத் தேசிக்காய் விட்டனீரோ?”

“இல்லை ஐயா, பழப்புளி.”

“உம்மட கறிக்கு அவர் தூள் போடுறவரோ?”

“ஒருநாளும் இல்லை.”

“அப்ப வேறெதுக்கோ தேசிக்காய் பிழிஞ்ச ஈரக் கையாலை கிள்ளிப் போட்டிருக்கிறார்.”

விஜயா கொப்பியைப் பார்த்தார். “தண்ணிக்கு ஆர் மிளகாய்த்தூள் போடுறது?”



“வேண்டாமெண்டுதான் சொன்னவன்,” என்றார் கணேசலிங்கம், நிலத்தைப் பார்த்து. “‘மட்டி தின்னப் பயந்த மட்டி’ எண்டு எல்லாருக்கும் முன்னாலை பகிடி பண்ணினனான். ரோசத்திலை தின்னத் தொடங்கினவன். முதல்நாள் உடைச்ச சிப்பி... அண்டைக்குத் திண்ட மூண்டு வெள்ளைக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனவை.”

“எட்டு நாளும் அது தெரியும், உங்களுக்கு,” என்றாள் சிவனேஸ்வரி. “வாசலை விடுங்கோ அத்தான்.”

அவர் விலகினார்.

அவள் அதே கத்தரிக்காய்க் குழம்பை வைத்தாள். படையலுக்கு வைப்பதையும் ருசி பார்ப்பதில்லை. அந்த வெள்ளிக்கிழமைக் குழம்புக்கு உப்புச் சரியாக இருந்ததா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.