தோணி மட்டும் திரும்பியது

“தொடாதீங்கக்கா! கைய எடுங்க!”

பாருக் போட்ட சத்தத்தில் பரிமளா திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

ஜாம்பவானோடை படகுத்துறையில் ஒரு சின்னத் தோணி கரையேற்றிப் போடப்பட்டிருந்தது. விடிந்ததும் விடியாததுமாக, முத்துப்பேட்டைக் காயல் கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் மீனவர்கள் அதைக் கண்டெடுத்து இழுத்து வந்திருந்தார்கள். தோணியில் ஆள் இல்லை. தூண்டில் இல்லை. சாப்பாட்டுத் தூக்கும் இல்லை. அதன் கட்டுக்கயிறு மட்டும் தண்ணீர் சொட்டத் தொங்கியது. கயிற்றின் நுனியில் முறிந்த மரக்கிளை ஒன்று. அதைத்தான் பரிமளா தொடப் போனாள்.

“அது தில்லைக் கிளைக்கா. முறிச்சா பால் வடியும். ஒரு சொட்டு கண்ணுல பட்டுச்சுன்னா பார்வையே மங்கிப் போயிரும்” என்றான் பாருக். சுற்றுலா வருபவர்களை அலையாத்திக் காட்டுக்கு மோட்டார் படகில் அழைத்துப் போய்க் காட்டுவது அவன் தொழில். பரிமளாவின் தம்பி அறிவழகனோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன்.

காணாமல் போயிருந்தவர் பரிமளா, அறிவழகன் இருவரின் அப்பா தங்கவேல். பட்டுக்கோட்டைக்காரர். அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை விட்ட கை தூண்டிலைப் பிடித்துக்கொண்டது. உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம், கோடியக்கரை, முத்துப்பேட்டைக் காயல் என்று தெற்கே சதுப்பும் சேறும் இருக்கிற இடமெல்லாம் போய் வருவார். எந்த மடையில் கெண்டை கடிக்கும், எந்த உப்புநீர்க் கழியில் கொடுவா திரியும் என்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டையே உட்கார வைத்துக் கதை சொல்வார். ஆனால் கிளம்புகிற அன்று எங்கே போகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டார். நல்ல மீன்பிடி இடத்தை வெளியே சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும் என்பது அவர் கவலை.

நேற்றுக் காலையிலும் அப்படித்தான் போனார். மத்தியானத்துக்கு மேல் தெற்கே இருந்து சோளகக் காற்று சுழன்றடித்தது. பெருமழை கொட்டியது. அப்பா திரும்பவில்லை.

“என் தோணியத்தான் கேட்டாரு. நான்தான் குடுத்தனுப்புனேன்” என்று தலையில் கைவைத்தார் அமிர்தலிங்கம். அந்தத் துறையில் மூத்த மீனவர் அவர். கண்கள் சிவந்திருந்தன. “தோணி முகத்துவாரத்துல கெடந்துச்சுன்னா, ஆளும் கடல் பக்கந்தான் போயிருக்கணும். நாலஞ்சு படகு கெளப்பச் சொல்லிட்டேன். நீ வீட்டுக்குப் போம்மா. அம்மாவப் பாத்துக்க.”

பரிமளா நகரவில்லை. குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கயிற்றையே பார்த்தாள். கிளையைச் சுற்றி இரண்டு வளையம், நடுவில் ஒரு சொருகல்.

“அறிவு, இந்த முடிச்சப் பாரு!”

பக்கத்தில் நின்ற அறிவழகன் குனிந்தான். அவன் குரல் உடைந்தது. “அப்பா போட்டதுக்கா! பஸ் கூரையில மூட்டை கட்டுற முடிச்சு!”

“கெளை வந்து தோணியில சிக்கல. அப்பாவே மரத்துல கட்டியிருக்காங்க. கட்டிட்டு எறங்கியிருக்காங்க. காத்துல தண்ணி ஏறி, தோணியத் தூக்கியடிச்சு, கெளை முறிஞ்சு போயிருக்கு. தோணிதான் கடலுக்குப் போச்சு. அப்பா போகல!” என்றாள் பரிமளா.

அமிர்தலிங்கம் அருகே வந்து முடிச்சை உற்றுப் பார்த்தார்.

“இருக்கலாம்மா. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. கடலத் தேடாம விட்டா நாளைக்கு என் மனசு கேக்காது.”

“நீங்க கடலப் பாருங்க பெரியப்பா. நாங்க காட்டப் பாக்குறோம்” என்றாள் பரிமளா. பிறகு பாருக்கின் பக்கம் திரும்பினாள். “தில்லை எங்கெல்லாம் இருக்கு?”

பாருக் யோசித்தான். “காயலுக்குள்ள எல்லாம் அலையாத்தி மரந்தான். தில்லை மேட்டுலதான் நிக்கும். கோரையாத்துப் பக்கம் ரெண்டு திட்டு இருக்கு. கோட்டத்திட்டு, நரித்திட்டு. ஆனா வாடைக் காத்து திரும்பிருச்சுக்கா. தண்ணியக் கடலுக்குத் தள்ளிக்கிட்டு இருக்கு. மத்தியானத்துக்கு மேல கழியெல்லாம் வத்திரும். படகு சேத்துல ஒக்காந்துச்சுன்னா நாமளும் மாட்டிக்குவோம்.”

“அதுக்குள்ள போயிருவோம். வா!”

வனக்காவலரிடம் சொல்லி அனுமதி வாங்கினார்கள். அவர் தன்னிடமிருந்த நீளக் கயிற்றையும் தூக்கிப் படகில் போட்டார். மோட்டார் உறுமியது. படகு கோரையாற்றில் பாய்ந்தது!

இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் தண்ணீருக்கு மேல் கவிந்திருந்தன. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் குத்திட்டு நின்றன. அவர்கள் முதலில் சுற்றுலாப் பயணிகள் நடக்கும் மரப்பாலத்தில் ஏறித் தேடினார்கள். அப்பா அங்கே உட்கார்ந்து மடவை மீன் பிடிப்பது உண்டு. யாரும் இல்லை. நீர்நாய் ஒன்று அவர்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் வழுக்கி மறைந்தது. காவல் கோபுரத்தில் ஏறி அறிவழகன் கத்தினான். “அப்பா! அப்பாவ்!” வாடைக் காற்று அவன் குரலை அள்ளித் தெற்கே வீசியது. கொக்குகள்தான் எழுந்து பறந்தன.

கோட்டத்திட்டில் இறங்கி ஓடிப் பார்த்தார்கள். நண்டு வளைகள், நரியின் காலடித் தடங்கள். மனிதத் தடம் ஒன்றும் இல்லை.

பாருக் வானத்தைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். துடுப்பை ஊன்றி ஆழம் பார்த்தான்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. தண்ணி எறங்குது. இப்பத் திரும்புனாத்தான் திரும்ப முடியும்.”

“நரித்திட்டு எவ்வளவு தூரம்?”

“கிட்டதான். ஆனா அந்தக் கழி ஆழமே கெடையாது.”

“போற வரைக்கும் போ பாருக். படகு நின்னா நான் நடந்து போறேன்.”

அவள் அதைச் சத்தம்போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பாருக் படகை நரித்திட்டுப் பக்கம் திருப்பினான்.

கழி குறுகியது. கிளைகள் முகத்தில் அறைந்தன. கொஞ்ச தூரத்தில் மோட்டாரின் விசிறி சேற்றைக் கிளறிக் கறுப்பாக வாரி இறைத்தது. பாருக் மோட்டாரை நிறுத்தினான். படகு ஒரு முனகலோடு சேற்றில் அமர்ந்தது.

மோட்டார் நின்றதும் காடு அமைதியானது. அப்போதுதான் கேட்டது.

டங்... டங்... டங்...

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீண்டும் கேட்டது. எவர்சில்வர் பாத்திரத்தில் யாரோ தட்டுகிற சத்தம்!

“அப்பாவோட தூக்கு!” அறிவழகன் அலறிக்கொண்டு படகிலிருந்து குதித்தான்.

“டேய், குதிக்காத!” பாருக் கத்தியது தாமதமாகிவிட்டது. அறிவழகன் இடுப்பு வரை சேற்றுக்குள் போய்விட்டான். காலை உதறினான். இன்னும் இறங்கியது. மார்பு வரை!

“அக்கா! உள்ள இழுக்குது!”

“உதறாத! மல்லாக்கச் சாய்! தண்ணியில மெதக்குற மாதிரி சாய்டா!” பரிமளா கயிற்றை வீசினாள். பாருக் படகின் அடிப்பலகை ஒன்றைப் பெயர்த்து அவன் முதுகுக்கு அருகே தள்ளினான். அறிவழகன் பலகையில் முதுகை வைத்துச் சாய்ந்து, ஒவ்வொரு காலாக மெல்ல மெல்ல உருவினான். இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். ‘பொளக்’ என்ற சத்தத்தோடு சேறு அவனை விட்டது. செருப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அவன் படகில் கிடந்து நடுங்கினான். சத்தம் வந்த திட்டு முன்னே தெரிந்தது. நடுவில் வெறும் சேற்றுவெளி. பளபளவென்று மின்னியது.

“நான் போறேன்” என்றாள் பரிமளா. “மூணு பேர்ல எடை கம்மி எனக்குத்தான். ரெண்டு பலகை குடு. கயித்த என் இடுப்புல கட்டு.”

“அக்கா, நீ வேணாம்...”

“நீ கயித்தப் பிடிச்சுக்க அறிவு. அதான் இப்ப எனக்கு வேணும்.”

அவள் ஒரு பலகையைச் சேற்றின் மேல் வைத்துக் குப்புறப் படுத்தாள். இன்னொன்றை முன்னால் தள்ளினாள். அதன் மேல் ஊர்ந்தாள். பின்னால் கிடந்ததை இழுத்து மறுபடி முன்னால் போட்டாள். சேறு முகத்தில் அப்பியது. வாயில் உப்புக் கரித்தது. மூச்சுவேர்கள் முழங்கையைக் கிழித்தன. பாதியில் கை சோர்ந்து, நெற்றியைப் பலகையில் வைத்துக் கிடந்தாள். டங்... டங்... அந்தச் சத்தம் இப்போது இடைவெளி விட்டு விட்டு, வலுவிழந்து வந்தது.

“நிறுத்தாதீங்கப்பா! தட்டிக்கிட்டே இருங்க!” என்று கத்திவிட்டு மறுபடி ஊர்ந்தாள்.

திட்டில் ஏறியதும் பாருக்கின் குரல் காற்றில் வந்தது. “தில்லையத் தொடாம போங்கக்கா!” கைகளை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து போனாள்.

தங்கவேல் ஓர் அலையாத்தி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பைத் துண்டால் மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். முகம் வீங்கியிருந்தது. இரண்டு கண்களும் இறுக மூடிப் புடைத்திருந்தன. கையில் ஒரு கரண்டி. மடியில் தூக்கு.

“யாரு? யாருங்க அது?”

“நான்தாம்ப்பா. பரிமளா.”

கரண்டி கீழே விழுந்தது. அவர் கையை நீட்டிக் காற்றில் துழாவினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் சேற்றைத் தடவினார், மூக்கைத் தடவினார், காதுக் கம்மலைத் தொட்டார். அப்புறம்தான் அழுதார்.

“தோணியக் கட்டுறப்ப பக்கத்துச் சின்னக் கெளை ஒண்ணு ஒடிஞ்சு பால் தெறிச்சிருச்சும்மா. நெருப்ப அள்ளிப் போட்ட மாதிரி எரிஞ்சுச்சு. ஒண்ணுமே தெரியல. எங்கயாவது நடந்தா சேத்துல போயிருவேன்னு மரத்துல கட்டிக்கிட்டேன். மழைத் தண்ணியத் தூக்குல புடிச்சுக் குடிச்சேன். ராவுல நரி சுத்தி வந்துச்சு. தட்டித் தட்டி வெரட்டுனேன்.”

“பேசாதீங்கப்பா. தலையச் சாய்ங்க.” இடுப்பில் செருகி வந்த குடிதண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கண்களில் மெல்ல ஊற்றினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். உடம்பு அனலாய்க் கொதித்தது.

நாளை தண்ணீர் ஏறும் வரை காத்திருக்க முடியாது. பரிமளாவுக்கு அது தெரிந்தது. துண்டை அவிழ்த்தாள். அவரைத் தோளில் தாங்கி, ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பலகையில் குப்புறப் படுக்கவைத்தாள். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பலகையோடு சேர்த்து அவரைக் கட்டினாள்.

“அப்பா, அவங்க அங்கேருந்து இழுப்பாங்க. நான் பின்னால இருந்து தள்ளுறேன். தலைய மட்டும் தூக்கிக்கங்க. பயமா இருக்கா?”

வீங்கிய முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. “முப்பது வருசம் நான் வண்டி ஓட்டுனேன். இப்ப நீ ஓட்டு. ரைட் குடு!”

“அறிவு! பாருக்! இழுங்கடா!”

கயிறு விறைத்தது. பலகை சேற்றில் வழுக்கியது. பரிமளா இன்னொரு பலகையில் படுத்தபடி அவர் பாதங்களைப் பிடித்துத் தள்ளினாள். வழுக்கியது, நின்றது, மறுபடி வழுக்கியது. ஓரிடத்தில் பலகையின் முன்முனை சேற்றில் குத்தி, தங்கவேலின் முகம் அமிழ்ந்தது. பரிமளா ஊர்ந்து முன்னேறி அவர் நெற்றியைத் தூக்கிப் பிடித்தாள். “இன்னும் கொஞ்சம்! இழு!” படகில் அறிவழகன் உள்ளங்கை தோலுரிய இழுத்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டும் இருந்தான்.

அப்பாவைப் படகில் ஏற்றியாயிற்று. படகோ அசையவில்லை. பாருக்கும் அறிவழகனும் படகின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கியபடி, கால்களால் சேற்றை உந்தி, முழம் முழமாகத் தள்ளினார்கள். பரிமளா துடுப்பை ஊன்றி நெட்டினாள். வெயில் சாயும் நேரத்தில் விசிறிக்குத் தண்ணீர் கிடைத்தது. மோட்டார் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு உறுமியது!

“ஓடுது! ஓடுதுடா!” என்று பாருக் கூவினான்.

துறையில் கடலுக்குப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பியிருந்தன. அமிர்தலிங்கம் வலையின் மேல் உட்கார்ந்திருந்தார். வருகிற படகில் சேறு பூசிய நாலு உருவங்களைப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்து இறங்கினார்.

“தங்கவேலு! அட, தங்கவேலு!” என்று இரண்டு கைகளாலும் அவரைத் தூக்கிக்கொண்டார். பிறகு பரிமளாவைப் பார்த்தார். “உன்னப் போயி வீட்டுக்குப் போன்னு சொன்னேனேம்மா.”

“நீங்க கடலத் தேடுனதாலதான் பெரியப்பா, நாங்க நிம்மதியாக் காட்டத் தேடுனோம்” என்றாள் அவள்.

பட்டுக்கோட்டை மருத்துவமனையில் விடிய விடியக் கண்ணைக் கழுவி மருந்திட்டார்கள். பார்வை முழுசாகத் திரும்பும், ஆனால் மெதுவாகத்தான் என்றார் டாக்டர். மறுநாள் மாலை கட்டைப் பிரித்தபோது தங்கவேல் இமைகளைக் கஷ்டப்பட்டுத் திறந்தார். முதலில் வெளிச்சம். பிறகு ஜன்னல். பிறகு கட்டில் ஓரத்தில் ஒரு முகம். காதோரத்திலும் முடியிலும் காய்ந்த சேறு இன்னும் ஒட்டியிருந்தது.

“என்ன பரிமளா... நீ இன்னும் குளிக்கலையா?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள்.

தங்கவேல் கட்டிலில் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் அவள் கையைத் தட்டினார்.

“அது பேரு நரித்திட்டு. வடக்கு ஓரத்துல தண்ணி சுழிக்கிற எடத்துலதான் கொடுவா நிக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்கிட்டச் சொல்லிட்டேன். இனிமே எங்க போனாலும் சொல்லிட்டுத்தான் போவேன்.”

“சொன்னா மட்டும் போதாதுப்பா” என்றாள் பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நானும் வருவேன்.”