வாசல் விளக்கு

காலையில் எழுந்ததும் செண்பகவல்லி முதலில் பார்ப்பது வாசல் நிலைக்கு மேலே இருக்கும் விளக்கைத்தான். பச்சை எரிந்தால்தான் அவளுக்கு அடுப்பு பற்ற வைக்கவே கை வரும். இன்றும் பச்சைதான். அப்பாடா என்று பாலை ஏற்றினாள்.

கோவில்பட்டியில் இப்போது பாதி வீடுகளில் இந்த விளக்கு உண்டு. தவணை நின்ற வீட்டை ஜப்தி செய்ய யாரும் வருவதில்லை. வீடே தன்னைப் பூட்டிக்கொள்ளும். ஒரு தடவை ஏதோ ஒரு வீடு சம்பந்தி வீட்டாரை உள்ளே வைத்தே பூட்டிக்கொள்ள, ஊர் கொதித்துப்போனது. அதன்பின் வந்ததுதான் விருந்துக் காப்புச் சட்டம். விருந்தாளி இருக்கிற வீட்டைப் பூட்டக் கூடாது. வந்தவர் விருந்தாளிதானா என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஒரு வீட்டுணரி. கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிறார்களா, வந்தவர் கொஞ்சமாவது கூச்சப்படுகிறாரா என்று அந்த சென்சார் சதா பார்த்துக்கொண்டே இருக்கும். விருந்தாளிதான் என்றால் விளக்கு பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

வீட்டைப் பறிகொடுத்தவர்களை இப்படி விருந்தாளியாக அனுப்பவே ஒரு வாரியம் இருந்தது. அங்கிருந்து வந்து சில மாதமாக இங்கே தங்கியிருப்பவர் இருதயராஜ். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். செண்பகவல்லியின் கணவன் இறந்த பிறகு தவணை நின்றுவிட்டது. தை மாதம் தீர்ப்பாயம் அவள் வழக்கை எடுக்கும். அதுவரை வீடு திறந்திருக்க வேண்டும். பூட்டிவிட்டால் வழக்கும் இல்லை, வீடும் இல்லை.

"ஏ செம்பகம், சட்னியில உப்பு எங்க?" என்றார் இருதயராஜ்.

"கை ஒடிஞ்சா போச்சு? எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்கோங்கண்ணே."

அவர் சமையலறைக்குப் போய் உப்பு போட்டுக்கொண்டார். சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். கேஸ் தீரப்போகுது, புக் பண்ணினியா இல்லையா என்று சத்தம் போட்டார். சர்க்கரை போடாத காபியை அவள் கேட்காமலே நீட்டினாள். விளக்கு சிவப்பானது.

"இவ்வீட்டில் விருந்தாளி இல்லை. நண்பகலில் கதவுகள் பூட்டப்படும்" என்றது வீடு, செய்தி வாசிப்பவர் குரலில்.

"அடப்பாவி! அப்ப இவரு யாராம்?"

"குடும்ப உறுப்பினர்."

செண்பகவல்லி அடுப்பை அணைத்தாள். வாரியத்துக்குப் போன் போட்டாள்.

"மழை நேரம், அனுப்ப ஆளே இல்லக்கா" என்றார் அங்கே வேலை பார்க்கும் தவசிலிங்கம். "அவரையே வெளிய அனுப்பிப் புதுசா கூப்பிடுங்க. ஆனா நடிச்சா வீடு கண்டுபிடிச்சிரும், பார்த்துக்கோங்க."

இருதயராஜ் தன் பையோடு வெளியே போய் மணி அடித்தார். "வாங்க, வாங்க" என்றவள் அவர் முழியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிவப்பு. மறுபடி போனார், மறுபடி அடித்தார். கதவைத் திறந்ததும், "தலை நனையுதுண்ணே, குடை எடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்று அவளுக்கு வாயில் வந்துவிட்டது. சிவப்பு.

"விட்டுருவோம்ணே. பூட்டினா பூட்டட்டும்" என்று அழுதாள்.

"பேசாம இரு. ஒரு வீடு போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இந்த முறை மணி அடிக்க வெகு நேரம் ஆனது. திறந்தாள். அவர் படிக்குக் கீழேயே நின்றார், மழையில். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

"வாரியத்துல இருந்து அனுப்பினாங்க மேடம். உள்ள வரலாங்களா?"

மேடம் என்றதும் அவள் ஓர் எட்டு பின்னால் வைத்தாள். எங்கேயோ பஸ்ஸில் பார்த்த ஆள் மாதிரி நின்றார் மனிதர். என்ன சொல்வதென்று உண்மையிலேயே தெரியவில்லை.

"வாங்க... சார். உக்காருங்க."

பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். விளக்கு மினுக்கியது.

"காபி... சர்க்கரை போடலாமா சார்?"

"உங்க இஷ்டம் மேடம்."

போட்டாள். இரண்டு கரண்டி போட்டாள். வாங்கி, நல்லா இருக்குங்க என்று சொல்லி முழுவதையும் குடித்தார். பச்சை எரிந்தது.

தை வரைக்கும் வீடு பிழைத்தது. செண்பகவல்லி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். திரும்பி வந்தபோது அவர் அதே நுனியில்தான் இருந்தார். டம்ளரைக் கழுவவில்லை, அவள் எடுத்துப்போகட்டும் என்று அப்படியே வைத்திருந்தார்.